காவிரி: பங்கு பிரித்தாகிவிட்டது, பற்றாக்குறையை யார் பிரிப்பது?

கேள்வி: 2018-லேயே உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேலாண்மை ஆணையமும் வந்துவிட்டது. அப்புறமும் மழை பொய்க்கிற வருடமெல்லாம் காவிரியில் ஏன் பழைய சண்டையே திரும்ப வருகிறது? 'கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறோம்' என்று கர்நாடகம் சொல்கிறதே, அது பொய்யா? மேகதாதுவில் அணை கட்டிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பதில்:

மூன்று கேள்வியும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. நல்ல வருடத்துத் தண்ணீரைப் பிரிக்கக் காவிரியில் தீர்ப்பு இருக்கிறது, மாதவாரி அட்டவணை இருக்கிறது. மோசமான வருடத்துக்கு இருப்பதெல்லாம் 'விகிதாச்சாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும்' என்ற ஒற்றை ஏற்பாடு. அதை ஆகஸ்டு மாதம் அரைகுறையாக நிரம்பிய அணையின் முன்னால் நின்றுகொண்டு எப்படிக் கணக்குப் போடுவது என்று யாரும் இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி எழுதிவைக்கவில்லை. நான் டெல்டாக்காரன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண்கள். காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைக்கப்பட்டது, இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரி 5. காவிரிப் படுகை முழுவதிலும் கிடைக்கும் நீர் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) என்று எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். மீதி 14-ல் 10 சுற்றுச்சூழலுக்கு, 4 தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு. இந்த 740-க்குப் பக்கத்தில் '50 சதவீத நம்பகத்தன்மை' என்று ஒரு குறிப்பு இருக்கும். பத்திரிகைகள் அதை அநேகமாக எழுதுவதே இல்லை. அதன் பொருள், நூறு வருடத்தை எடுத்துக்கொண்டால் ஐம்பது வருடம் 740-ஓ அதற்கு மேலோ வரும், மற்ற ஐம்பது வருடம் அதற்குக் கீழேதான் வரும் என்பது. அதாவது, ஏறக்குறைய பாதி வருடங்களில் இவ்வளவு தண்ணீர் இருக்காது என்று தெரிந்தேதான் அந்தத் தண்ணீரைப் பிரித்தார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 75 சதவீத நம்பகத்தன்மையில் கணக்கிட்டிருந்தால் பிரிக்கும் அளவு சிறிதாகி, நல்ல வருடத்து உபரி யாருக்கு என்று வேறொரு சண்டை வந்திருக்கும். ஆனால் 50 சதவீதம் என்று முடிவெடுத்தால், குறைகிற பாதிக்கு விதி எழுதிவைப்பது அவசியமாகிவிடுகிறது. அந்த வேலைதான் பாக்கி.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆயிற்று, கர்நாடகத்தின் பங்கு 284.75. கூட்டியதில் 10 டிஎம்சி, டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு எடுத்தது. மிச்சம் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. நடுவர் மன்றம் பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று அந்த அளவுக்கே தண்ணீர் ஒதுக்கியிருந்தது. ஒரு நகரத்தை அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது, குடிநீர் முழு நகரத்துக்கும்தான் என்றது உச்ச நீதிமன்றம். அது நியாயம்தான் என்பது என் எண்ணம். ஊர்க்காரர்கள் சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும்.

அந்த 4.75-க்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. குடிநீராக எடுப்பதில் 20 சதவீதம்தான் உண்மையில் செலவாகிறது, மீதி 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பவும் ஆற்றுக்கு வந்துவிடும் என்பது அனுமானம். பெங்களூர் காவிரித் திட்டத்தின் முதல் நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் எடுக்கிறார்கள். வருடத்துக்குப் பார்த்தால் சுமார் 18.7 டிஎம்சி. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கி, நாளுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. இத்தனையும் பங்கில் ஐந்தில் ஒரு பாகமாகத்தான் எழுதப்படுகிறது. திரும்பி வரும் கழிவுநீரில் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போவது காவிரியில் சேர்கிறது, சரி. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வடிவது தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிற படங்களைப் பார்த்திருப்பீர்களே, அதில் காவிரித் தண்ணீரும் உண்டு. காவிரிக் கணக்கில் திரும்பியதாக எழுதிய நீரில் ஒரு பகுதி வேறொரு ஆற்றில் திரும்புகிறது. நகரம் பெருக்கப் பெருக்க இந்த ஓட்டை பெரிதாகும்.

இப்போது எல்லைக்கு வருவோம். தமிழ்நாட்டின் 404.25 டிஎம்சியில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள்ளேயே பெய்து ஓடும் நீர். கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது 177.25 டிஎம்சி. அதை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காடும் பாறையுமான இடத்தில், மத்திய நீர்வளக் குழுமத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கே நாள்தோறும் எடுக்கிற அளவுதான் இரண்டு மாநிலத்துக்கும் கணக்குப் புத்தகம். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரியிலிருந்து மே வரை மாதம் 2.5 என்று அட்டவணை. ஒரு டிஎம்சி என்பது ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஓடும் நீர் என்று வைத்துக்கொண்டால், செய்தியில் வருகிற கன அடியை நீங்களே டிஎம்சியாக மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். சண்டைக்காலத்துச் செய்திகளில் பாதிக் குழப்பம் இதைச் செய்யாததால் வருவது.

அட்டவணையின் வடிவத்தைப் பாருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்றே மாதத்தில் 114 டிஎம்சி. காரணம் நம் சாகுபடி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆகஸ்டில் சம்பாவுக்கு நாற்றங்கால். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில்தான் டெல்டாவுக்கு வரும். அதுவரைக்கும் வயலில் நிற்கிற பயிருக்கு மேற்கே குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழைதான் ஆதாரம். அங்கே கர்நாடகத்தின் அணைகளான கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்), கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கும் சேர்த்து மொத்தக் கொள்ளளவு சுமார் 114.5 டிஎம்சி. மேட்டூர் 93.47. இந்த ஆற்றில் ஒரு வருடத்துத் தண்ணீரை அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவைக்கும் அளவுக்கு எங்கேயும் அணை கிடையாது. ஒவ்வொரு வருடமும் அநேகமாகப் புதிதாகத்தான் தொடங்குகிறது.

விகிதாச்சாரக் குறைப்பு ஏன் வேலைக்கு ஆவதில்லை என்பது இங்கேதான் தெரியும். 740 என்பது படுகை முழுவதற்கும், வருடம் முழுவதற்குமான எண். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குள் இருக்கின்றன. இந்த வருடம் 740-க்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்டால் உண்மையான பதில் டிசம்பர் கடைசியில்தான் கிடைக்கும். தண்ணீர் தேவைப்படுவது ஆகஸ்டில். ஆகவே அந்த விதி வருடம் முடிந்தபின் கணக்கைத் தணிக்கை செய்யப் பயன்படுமே தவிர, மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கப் பயன்படாது.

கர்நாடகத்தின் வாதம் இதிலிருந்தே வருகிறது: 'உங்களுக்கு இன்னொரு மழை இருக்கிறது, எங்களுக்கு இந்த ஒரு மழைதான். வடகிழக்கு முடியட்டும், அப்புறம் குறையைக் கணக்கிடலாம்.' தமிழ்நாட்டின் வாதமும் இதிலிருந்தே: 'இன்றைய தேதிவரை உங்கள் நான்கு அணைக்கும் வழக்கமாக வரும் நீரில் எத்தனை சதவீதம் குறைந்ததோ, எங்களுக்கும் அத்தனை சதவீதம் குறைத்துக் கொடுங்கள். அதற்குமேல் குறைக்காதீர்கள்.' இரண்டுமே தீர்ப்பை மேற்கோள் காட்டித்தான் பேசுகின்றன. தீர்ப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஆணையம் அமைந்த கையோடு மழை கொட்டியது. மேட்டூர் நிரம்பி, அந்த ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய ஷட்டர்களே அடித்துக்கொண்டு போயின. அடுத்த நான்கு வருடமும் பெரிய குறை இல்லை. ஆணையத்துக்கு முதல் நிஜப் பரீட்சை 2023. ஜூன் 12-ல் வழக்கம்போல மேட்டூர் திறந்தது, குறுவை நட்டார்கள். மேற்கே ஆகஸ்டு மழை ஏமாற்றிவிட்டது. ஆணையத்தின் கீழ் இருக்கும் ஒழுங்காற்றுக் குழு ஆகஸ்டு கடைசியில் நொடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாளைக்கு விடச் சொன்னது, செப்டம்பர் நடுவில் அதையே மறுபடி சொன்னது. செப்டம்பர் அட்டவணைப்படி நொடிக்கு ஏறக்குறைய 14,200 கன அடி வர வேண்டும். தமிழ்நாடு கேட்டது 12,500. செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 26-ஆம் தேதி பெங்களூரில் பந்த், 29-ல் கர்நாடகம் முழுக்க பந்த்.

அந்த 26-ஆம் தேதியன்றே கூடிய குழு, நான்கு அணைகளுக்கும் நீர்வரத்து ஏறத்தாழ 53 சதவீதம் குறைவு என்று சொல்லி, அக்டோபர் 15 வரை 3,000 கன அடி போதும் என்றது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்டோபருக்கு 20.22 டிஎம்சி என்றால் நொடிக்குச் சுமார் 7,550 கன அடி. அதில் 53 சதவீதத்தைக் கழித்தால் 3,550 அளவில் நிற்கும். சொன்னது 3,000. வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் ஜூன் முதல் சேர்ந்த நிலுவை எங்கே போயிற்று? அதையும் சேர்த்துக் கொடு என்பது தமிழ்நாடு. வராத மழைக்கு ஏது நிலுவை என்பது கர்நாடகம். நிலுவையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்த விதியிலும் தெளிவாக இல்லை. ஆகவே ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் இரண்டு தரப்புக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக் குழு கலைந்தது. அக்டோபர் 10-ல் மேட்டூரை மூடினார்கள்.

பதினைந்து நாள் தவணை என்பதே விவசாயிக்குப் பெரிய தண்டனை. கண்ணம்பாடியில் திறந்த நீர் மேட்டூர் வந்து சேர மூன்று நான்கு நாள். மேட்டூரிலிருந்து கல்லணைக்கு இன்னும் மூன்று நாள் ஆகலாம். அங்கிருந்து கிளையாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து நாகை, திருவாரூர் கடைமடைக்குப் போக ஒரு வாரத்துக்கு மேல். ஆற்றுப்படுகை காய்ந்து கிடந்தால் மணலே பாதியைக் குடித்துவிடும். ஓர் உத்தரவின் தண்ணீர் கடைமடையைத் தொடும்போது அந்த உத்தரவின் காலமே முடிந்திருக்கும். அடுத்த தவணை வருமா என்று தெரியாமல் களை எடுப்பதா, உரம் போடுவதா, விட்டுவிடுவதா என்று அவன் முடிவெடுக்க வேண்டும். 'இந்த வருடம் செப்டம்பரில் பாதிதான் வரும்' என்று ஜூலை கடைசியில் உறுதியாகச் சொல்லியிருந்தால் சம்பாவை நேரடி விதைப்பாக மாற்றியிருப்பான், அல்லது குறுகிய கால ரகத்துக்குப் போயிருப்பான். குறைவைவிட நிச்சயமின்மைதான் அதிகம் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

கண்ணம்பாடி பாசனத்தை நம்பியிருக்கும் கர்நாடகத்தின் மண்டியாவிலும் இதே கதைதான், அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த செப்டம்பரில் கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சி பாதித்ததாக அறிவித்திருந்தது. விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கீழே கரும்பும் நெல்லும் போட்டவனுக்கு, அணையில் தண்ணீர் கண்ணெதிரே கிடக்க, அது கீழே தமிழ்நாட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. நமக்கு மண்டியா என்றால் மறியல் செய்தி மட்டும்தான் தெரியும்.

'அதிகமே கொடுத்திருக்கிறோம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். பொய்யில்லை. 2022-23 நீர் வருடத்தில் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்தது 600 டிஎம்சிக்கும் மேல், மூன்று பங்குக்கும் அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி அவர்களால் பிடித்துவைக்க முடியாமல் வழிந்தது. கபினி அணையே 19.52 டிஎம்சிதான். வயநாட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் நிரம்பிவிடும். ஜூலையில் 'கர்நாடகம் தண்ணீர் திறந்தது' என்று வரும் முதல் செய்தி அநேகமாகக் கபினி வழிந்த செய்திதான். நமக்கும் அந்த வெள்ளத்தைப் பிடித்துவைக்க இடமில்லை. மேட்டூர் நிரம்பினால் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு. நல்ல வருடத்தில் 600 கொடுத்ததைக் காட்டி மோசமான வருடத்தில் பாதியைக் கொடுத்ததைச் சமன் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த 600 அடுத்த வருடத்து வயலுக்கு வருவதில்லை. சராசரி என்பது இந்த ஆற்றில் யாருடைய வயிற்றையும் நிரப்பாத எண். (கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. கழிமுகத்துக்கு வண்டலும் நன்னீரும் போகாவிட்டால் உப்பு உள்ளே ஏறும். கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.)

சண்டையின் வரலாறு நீளம். சுருக்கிச் சொல்கிறேன். 1892-ல், மைசூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்தின் சம்மதமில்லாமல் மேலே புதிய பாசனப் பணிகள் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம். கண்ணம்பாடி அணைக்காக மறுபடி தகராறு, 1914-ல் ஒரு நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு, கடைசியில் 1924 பிப்ரவரி 18-ல் புது ஒப்பந்தம். அதில் கண்ணம்பாடிக்கும் மேட்டூருக்கும் வழி பிறந்தது. 50 வருடம் கழித்து, 1974-ல், சில பிரிவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம், மறுபரிசீலனைதான், காலாவதி இல்லை என்றது தமிழ்நாடு. 2018 தீர்ப்பு, அது 1974-ல் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கர்நாடகத்தின் மனக்குறை என்னவென்றால், ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணம், ஒரு சமஸ்தானத்தைக் கட்டிப்போட்டு எழுதி வாங்கிய ஒப்பந்தம் அது என்பது. நம் மனக்குறை, இடைப்பட்ட காலத்தில் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி என்று மேலே அணைகள் எழுந்து, காலங்காலமாக விளைந்த டெல்டாவின் நீர் குறைந்தது என்பது. முதலில் பாசனம் செய்தவனுக்கு உரிமையா, மலையும் மழையும் தன் பக்கம் இருந்தும் பின்தங்கியவனுக்கு உரிமையா? நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 24.71 லட்சம் ஏக்கரும் கர்நாடகத்துக்கு 18.85 லட்சம் ஏக்கரும் என்று பாசனப் பரப்பை ஏற்றுக்கொண்டது, இந்த இரண்டையும் ஒருமாதிரி சரிக்கட்டிய விதம்தான்.

அமைப்புகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. 1991-ல் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி என்ற நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1998-ல் பிரதமர் தலைமையில், நான்கு முதல்வர்களை உறுப்பினராக்கி ஒரு ஆணையம் அமைத்தார்கள். முதல்வர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒருவர்கூட விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்ப முடியாது. 2002-ல் மழை குறைந்ததும் அது குலைந்தது. 2018-ல் வந்த ஆணையத்தில் அதிகாரிகளும் பொறியாளர்களும் உட்காருகிறார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே 15,000 கன அடி, 12,000 கன அடி என்று மதகு திறக்க உத்தரவு போட்டு, பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததை நினைத்துப் பார்த்தால், 2023-ல் குறைவாகவாவது தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வன்முறையும் இல்லை. அந்த மட்டில் இது முன்னேற்றம்தான்.

வேறு ஆறுகளில் இந்தப் பற்றாக்குறையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு எது இல்லை என்பது புரியும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922-ல் பிரித்தபோது மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆளுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, நம் கணக்கில் சுமார் 327 டிஎம்சி என்று எழுதினார்கள். அவர்கள் அளவெடுத்தது நல்ல மழைக்காலத்து வருடங்களில், ஆகவே ஆற்றில் இல்லாத தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். ரொம்ப காலம் அவர்களும் சண்டைதான் போட்டார்கள். ஆனால் 2007-லும் 2019-லும் உட்கார்ந்து ஒரு படிக்கட்டு போட்டார்கள்: அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் அடுத்த ஜனவரியில் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று ஆகஸ்டில் கணிப்பு வந்தால் அரிசோனாவுக்கு இவ்வளவு வெட்டு, நெவாடாவுக்கு இவ்வளவு, இன்னும் இறங்கினால் இன்னும் இவ்வளவு. 2021 ஆகஸ்டில் முதல் படி வந்தது. 2022-க்கு அரிசோனா விட்டுக்கொடுக்க வேண்டியது 5.12 லட்சம் ஏக்கர்-அடி, சுமார் 22 டிஎம்சி. அந்தப் படியில் கலிபோர்னியாவுக்கு வெட்டே கிடையாது. அரிசோனா விவசாயி சந்தோஷப்படவில்லை. ஆனால் எந்த எண்ணுக்கு என்ன நடக்கும் என்பது அவனுக்கு வருடக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தது. அந்த விதிகளின் காலம் 2026-உடன் முடிகிறது, புது விதிக்கு அங்கேயும் இழுபறிதான், அதனால் அவர்களை நான் மகாத்மாக்களாகக் காட்டவில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டெல்டாவுக்குள்ளேயே இதற்கு வழக்கம் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் கல்லணையில் முறை வைப்பார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. முறை நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். பக்கத்து ஊர் வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நம் வாய்க்கால் சும்மா கிடக்கும். முணுமுணுப்பு உண்டு, மதகில் சண்டைகூட உண்டு. ஆனாலும் முறை நடக்கும், ஏனென்றால் இன்றைக்கு அவன் முறை என்றால் நாளை நம் முறை என்பது நிச்சயம். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அந்த நிச்சயம்தான் இல்லை.

2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜனகராஜன் முயற்சி எடுக்க, நம் பக்கம் மன்னார்குடி ரங்கநாதன், அந்தப் பக்கம் மண்டியாவின் புட்டண்ணையா. மண்டியாக்காரர்கள் கடைமடை வந்து பார்த்தார்கள், இங்கிருந்தும் கண்ணம்பாடிப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். குறைநீர்க் காலத்துக்கு ஒரு சூத்திரம் காண்பதுதான் அவர்கள் பேச்சிலும் முக்கியமான விஷயமாக இருந்தது. அரசுகள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த விவகாரத்திலேயே பெரிய ஆதங்கம் இதுதான்.

சூத்திரம் எப்படி இருக்கலாம்? என் யோசனை இவ்வளவே. ஜூலை 31, ஆகஸ்டு 31 என்று இரண்டு தேதிகளை வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய தேதிவரை நான்கு அணைக்கும் வந்த மொத்த நீர், முப்பது வருடச் சராசரியில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அடுத்த ஒரு மாதத்துக்கு பிலிகுண்டுலுவில் எவ்வளவு வர வேண்டும் என்பதை ஒரு அட்டவணையாக முன்கூட்டியே அச்சிட்டுவிட வேண்டும். குடிநீரை இரண்டு பக்கமும் முதலில் கழித்துவிட வேண்டும். நிற்கிற பயிருக்கு அடுத்த இடம், புதிதாக நடப்போகும் பயிருக்குக் கடைசி இடம். நிலுவையில் ஒரு பங்கை மட்டும், பின்னால் மழை கூடினால் அடைக்க வேண்டும், கூடாவிட்டால் தள்ளுபடி. டிசம்பர் முடிந்ததும் வடகிழக்கு மழையையும் சேர்த்து முழு வருடக் கணக்கு பார்த்து, ஒரு தரப்பு கூடுதலாக இழந்திருந்தால் அதைப் பணமாக ஈடுகட்ட மத்திய அரசு ஒரு நிதி வைக்க வேண்டும். தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பணத்தைக் கொடுக்கலாம். மண்டியாவிலும் டெல்டாவிலும் 'இந்த வருடம் நடாதே' என்று சொன்னால், அப்படிச் சொன்ன அன்றே ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிட வேண்டும்.

இதற்குத் தமிழ்நாடும் சிலவற்றை விட வேண்டியிருக்கும். ஜூன் 12 என்ற தேதியை அணையின் இருப்பைப் பார்க்காமல் கௌரவப் பிரச்சினையாக்குவதை முதலில் விட வேண்டும். டெல்டாவின் நிலத்தடி நீர் எவ்வளவு, குறுவையில் எத்தனை ஏக்கர் ஆழ்குழாயில் விளைகிறது என்ற கணக்கை ஒளிக்காமல் வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றம் அந்த 10 டிஎம்சியை எடுத்துக்கொண்டதே நாம் அந்தக் கணக்கில் பலவீனமாக நின்றதால்தான் என்பது என் அபிப்பிராயம். தூர் வாருவது, மணல் எடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. 2018 தீர்ப்பு இந்தப் பங்குகளை 15 வருடத்துக்கு மாற்றக்கூடாது என்றிருக்கிறது. 2033-க்குப் பிறகு பங்கை மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். அதற்குமுன் குறைநீர் விதி எழுதப்படாவிட்டால், கர்நாடகம் வளர்ந்த பெங்களூரைக் காட்டும், நாம் காய்ந்த கடைமடையைக் காட்டுவோம்.

மேகதாது கடைசி. 67.16 டிஎம்சி கொள்ளளவு, 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர் என்று கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. ஏட்டளவில் பார்த்தால், நல்ல வருடத்து வெள்ளத்தைப் பிடித்து மோசமான மாதத்துக்கு விடக்கூடிய அணை, இந்த ஆற்றுக்குத் தேவையானதுதான். நாம் பயப்படுவதற்குக் காரணம் அந்த இடம். கண்ணம்பாடிக்கும் கபினிக்கும் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே, ஷிம்ஷா, அர்க்காவதி, சுவர்ணாவதி எல்லாம் வந்து சேரும் பகுதி அது. அங்கே பெய்யும் மழை எந்த மதகுக்கும் எந்த உத்தரவுக்கும் காத்திராமல் தானாக ஓடி வருகிறது. மோசமான வருடத்தில் நமக்கு யார் தயவும் இல்லாமல் கிடைக்கும் நீர் அது ஒன்றுதான். மேகதாது வந்தால் அதற்கும் ஒரு மதகு வந்துவிடும், அந்த மதகின் சாவி அவர்களிடம் இருக்கும்.

ஆகவே, 'கட்டினால் தீருமா' என்ற கேள்விக்கு என் பதில், இப்போதிருக்கும் விதிகளோடு கட்டினால் சண்டை கூடும் என்பதே. மேலே சொன்னதுபோல ஒரு குறைநீர் அட்டவணை கையெழுத்தாகி, குறைந்தது ஒரு வறட்சி வருடத்திலாவது அது ஒழுங்காக நடந்து காட்டி, அணையின் மதகை மாநிலத்தின் கையில் விடாமல் ஆணையமே இயக்கும் என்று எழுதிக் கொடுத்தால், அப்போது மேகதாதுவைப் பற்றி டெல்டாவில் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம். அதுவரை தமிழ்நாடு எதிர்ப்பதில் எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.